குகிஸ்பெர்க்கின் காகிதங்களைத் தேடிப் போனபோது

கானாவில் சாலை, துறைமுக வேலைகளில் சில வருஷங்கள் இருந்தேன். அங்கே பழைய கட்டுமானம் எதைப் பற்றி விசாரித்தாலும் பேச்சு கடைசியில் ஒரே பெயரில் வந்து நிற்கும். டக்கோராடி துறைமுகம் யார் காலத்தில் வந்தது? குகிஸ்பெர்க். அக்ராவின் பெரிய மருத்துவமனையான கோர்லே பு? குகிஸ்பெர்க்தான், அங்கே அவருக்குச் சிலையே இருக்கிறது. அச்சிமோட்டா பள்ளி? அதுவும் அவர் காலம். விடுதலை பெற்ற ஒரு நாடு தன்னை ஆண்ட ஒரு பிரிட்டிஷ் ஆளுநரை இவ்வளவு பிரியத்தோடு ஞாபகம் வைத்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ராணுவ இன்ஜினியராக இருந்தவர் எப்படி ஆளுநரானார், முதல் உலகப் போரில் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் தேட ஆரம்பித்தேன். அது அக்ராவின் ஆவணக் காப்பகத்திலும், லண்டன் போக வாய்ப்பு கிடைத்தபோதெல்லாம் க்யூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் போய் உட்காருகிற வழக்கமாகவே ஆகிவிட்டது.

இப்படி ஒரு பிரிட்டிஷ் அதிகாரியைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கிறவர்கள் நம்மவர்களிலும் நிறைய இருக்கிறார்கள். ஊர் அணைக்கட்டிலோ தெருப் பலகையிலோ எஸ்டேட் பங்களாவிலோ ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், எங்கே தொடங்குவது என்று தெரியாது. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான்: அவருடைய ராணுவ வாழ்க்கையையும் காலனி வாழ்க்கையையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள், இரண்டு கட்டுக் காகிதங்களையும் ஒரே மேசையில் விரித்து வையுங்கள். மூன்றாவது கட்டு ஒன்றும் உண்டு, அது லண்டனில் கிடைக்காது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரெடெரிக் கோர்டன் குகிஸ்பெர்க் 1869ல் கனடாவின் ஒண்டாரியோவில் பிறந்தவர், சுவிஸ் வம்சாவளி. சிறுவயதிலேயே இங்கிலாந்து வந்து, வுல்விச் ராணுவ அகாடமியில் படித்து, 1889ல் ராயல் இன்ஜினியர்ஸ் படையில் அதிகாரியானார். சில காலம் சிங்கப்பூரில் இருந்தார், திரும்பி வந்து வுல்விச்சிலேயே அரண் கட்டும் பாடம் நடத்தினார். 1902ல் காலனி அலுவலகம் அவரைக் கோல்ட் கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, நில அளவைக்காக அனுப்பியது. தங்கச் சுரங்க உரிமத்துக்காக லண்டன் கம்பெனிகள் முண்டியடித்துக்கொண்டிருந்த நேரம் அது. காட்டுக்குள் யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்று காட்ட ஒழுங்கான வரைபடம் இல்லை. 1905 முதல் 1908 வரை அந்த அளவைத் துறைக்கு அவரே தலைவர். 1910ல் தெற்கு நைஜீரியாவிலும் அதே வேலை. 1914ல் போர் வந்ததும் மறுபடியும் சீருடை.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ராணுவம், அப்புறம் காலனி, மறுபடி ராணுவம், மறுபடி காலனி. போர் முடிந்து காலனிக்குப் போனார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் முக்கியமான விஷயம் தப்பிவிடும். ஆளுநராக வந்து இறங்கியபோது அந்த நாட்டின் காட்டுப் பாதைகள் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அளவைச் சங்கிலியோடு அங்கே சுற்றியவர் அவர். மனைவி டெசிமா மூர், லண்டன் மேடைகளில் பேர் வாங்கிய நடிகை, பாடகி. இருவரும் சேர்ந்து 1909ல் மேற்கு ஆப்பிரிக்க அனுபவங்களைப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். நீங்கள் தேடும் அதிகாரியின் மனைவியோ சகோதரியோ ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். அரசுக் காகிதத்தில் வராத சங்கதிகள், என்ன சாப்பிட்டார்கள், சுமை தூக்கியவர்கள் எப்படி நடந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

தேடலை லண்டன் கெஜட்டிலிருந்து தொடங்குங்கள். அரசின் அதிகாரபூர்வ அறிவிப்பு இதழ் அது, இணையத்தில் இலவசமாகத் தேடலாம். யார் எப்போது எந்தப் பதவிக்கு உயர்ந்தார், என்ன பதக்கம் பெற்றார் எல்லாம் தேதியோடு வரும். கூடவே ராணுவப் பட்டியல் என்று காலமுறைப்படி வெளியான தொகுப்பு, அதை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஸ்கேன் செய்து பொதுவில் வைத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். போர்க்காலப் பதவிகள் பெரும்பாலும் தற்காலிகப் பதவிகள். ஒருவர் பிரிகேடியர் ஜெனரல் என்று ஒரு கடிதத்தில் இருக்கும், அதே வருஷத்துப் பட்டியலில் அவருடைய நிரந்தரப் பதவி இரண்டு மூன்று படி கீழே இருக்கும். இரண்டும் சரிதான். எழுதும்போது எது எந்த வகை என்று குறித்துக்கொள்ளாவிட்டால் கடைசியில் ஆள் ஒரே வருஷத்தில் ஏறி இறங்கி ஏறியது போல ஆகிவிடும். காலனி வேலைக்கும் இதே மாதிரி ஆண்டுதோறும் வந்த காலனி அலுவலகப் பட்டியல் இருக்கிறது. முக்கிய அதிகாரிகளின் முழு உத்தியோக வரலாறும் அதில் சில வரிகளில் அடங்கிவிடும்.

அடுத்து அதிகாரியின் தனிக் கோப்பு. முதல் உலகப் போரின் ராணுவ அதிகாரிகளுக்கு க்யூவில் டபிள்யூஓ 339, டபிள்யூஓ 374 என்ற இரண்டு தொகுப்புகளில் தேட வேண்டும், டபிள்யூஓ என்றால் வார் ஆபீஸ், அதாவது ராணுவ அலுவலகம். ரொம்பவும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டில் ராணுவ ஆவணக் கிடங்கு எரிந்தது. அதிகாரிகளின் முதன்மைக் கோப்புகளும் அதில் போய்விட்டன, மிஞ்சியது துணைக் கடிதப் போக்குவரத்துதான். சிலருக்கு ஓய்வூதியச் சண்டை மட்டும் இருக்கும், சிலருக்கு மருத்துவக் குழுவின் ஒரு தாள் மட்டும். பதக்க அட்டைகள், அதாவது டபிள்யூஓ 372, எளிதில் கிடைக்கும். சிப்பாய்களுக்குப் போர்ப் பதக்கம் தானாகவே அனுப்பப்பட்டது, அதிகாரிகளோ விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதனால் அவர்கள் அட்டையில் பெரும்பாலும் வீட்டு முகவரி இருக்கும். போர் முடிந்ததும் ஆள் எங்கே இருந்தார் என்பதற்கு நல்ல துப்பு. இரண்டாம் உலகப் போர்க்கால அதிகாரியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்த பணிப்பதிவுகளை 2022 முதல் படிப்படியாக க்யூவுக்கு மாற்றி வருகிறார்கள், அதனால் எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை முதலில் அவர்களுடைய தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய ராணுவத்தின் அதிகாரி என்றால் க்யூ வேண்டாம், பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்குப் போங்கள்.

எனக்கு நிஜமான விருந்து போர் டைரிகள்தான், டபிள்யூஓ 95. ஒவ்வொரு படைப்பிரிவும் அன்றன்று எழுதியது. குகிஸ்பெர்க் முதலில் 94வது ஃபீல்டு கம்பெனியின் தலைவர், 200க்கு மேற்பட்ட ஆட்கள் கொண்ட இன்ஜினியர் பிரிவு அது. பிறகு 1916ல் 8வது டிவிஷனின் தலைமை ராணுவ இன்ஜினியர், 1917ல் 66வது டிவிஷனில் அதே பொறுப்பு, 1918ல் 170வது காலாட்படைப் பிரிகேடின் தளபதி. தலைமை இன்ஜினியரின் டைரி, டிவிஷன் நேரடியாக வைத்திருந்த பிரிவுகளின் கட்டில் தனியாக இருக்கும், காலாட்படைக் கட்டில் தேடினால் கிடைக்காது. திறந்து பார்த்தால் வீரசாகசம் ஒன்றும் இருக்காது. எந்த ரோட்டில் எந்தக் கம்பெனி வேலை செய்தது, முள்கம்பி எவ்வளவு போனது, சேற்றில் நடக்க மரப்பலகைப் பாதை எங்கே போட்டார்கள், குதிரைகளுக்குத் தண்ணீர் எங்கே, டிராம் தண்டவாளம் எதுவரை வந்தது, காலாட்படை எத்தனை ஆட்களைக் கூலி வேலைக்குக் கொடுத்தது. சைட் டைரி எழுதிப் பழகிய எனக்கு அதைப் படிக்கப் படிக்க உடம்பு சிலிர்த்தது. முன்னணிக்கு ஒரு பீரங்கிக் குண்டு போய்ச் சேர வேண்டும் என்றால் முதலில் கப்பல், அப்புறம் துறைமுகம், அப்புறம் ரயில், அப்புறம் லாரி, கடைசியில் சேற்றில் ஒரு மனிதனின் முதுகு. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் எல்லாம் நின்றுவிடும். நான்கு வருஷம் ஒரு மனிதனுக்கு இந்தக் கணக்குதான் தினசரி வேலை.

இப்போது இரண்டாவது கட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 1919ல் மில்னர் லண்டனில் காலனிகளுக்கான அமைச்சராக இருந்தபோது குகிஸ்பெர்க் கோல்ட் கோஸ்ட் ஆளுநரானார். அக்டோபரில் அக்ரா வந்தார், நவம்பரிலேயே சட்டசபையில் பத்தாண்டு வளர்ச்சித் திட்டம் ஒன்றை வைத்தார், ஏறக்குறைய 2.5 கோடி பவுண்டு மதிப்பு. அதன் அடிப்படை நான் மேலே சொன்ன அதே சங்கிலிதான். 1911லிருந்தே கோல்ட் கோஸ்ட் உலகத்தின் முதல் கோகோ உற்பத்தியாளர். ஆனால் கோகோவை மனிதத் தலைகளிலும், சாலையில் பீப்பாய்களாக உருட்டியும் கடற்கரைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து அலை மேல் துடுப்புப் படகில் தள்ளி, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலில் ஏற்றினார்கள். ஆழ்கடல் துறைமுகம் ஒன்றுகூட இல்லை. எனவே துறைமுகம், ரயில், சாலை. அக்ரா குமாசி ரயில் பாதை 1923ல் முடிந்தது. டக்கோராடி துறைமுகம் 1928 ஏப்ரலில் திறந்தது, அவர் பதவி முடிந்து போன பிறகு. அந்த அலைதடுப்புச் சுவர்மேல் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்து மேற்கு முன்னணியின் அந்தப் போர் டைரிகளைப் படித்த பிறகு அந்தக் கற்கள் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன.

காலனிக் காகிதங்களுக்கு க்யூவில் சிஓ 96 என்ற தொகுப்பைக் கேளுங்கள் (சிஓ என்றால் காலனி அலுவலகம்), கோல்ட் கோஸ்ட்டிலிருந்து லண்டனுக்குப் போன மூலக் கடிதங்கள் அதில் இருக்கின்றன. இங்கே ஒரு வழிமுறை சொல்கிறேன், ரொம்பப் பயன்பட்டது. ஆளுநரின் கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் கோப்பின் மேலுறையையும் உள்ளே ஒட்டிய குறிப்புத் தாள்களையும் படியுங்கள். லண்டன் அலுவலகத்து எழுத்தர்கள் கீழ்ப்பதவியிலிருந்து மேல்பதவி வரை ஒருவர் பின் ஒருவராகக் கருத்து எழுதி, கையெழுத்துக்குப் பதில் முதலெழுத்து மட்டும் போட்டிருப்பார்கள். ஆளுநர் கடிதம் அவர் சொல்ல விரும்பியது. குறிப்புகளோ, மற்றவர்கள் அவரைப் பற்றி உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பது. செலவு கைமீறிப் போகிறதே என்ற கவலையெல்லாம் அந்த ஓரங்களில்தான் தெரியும். க்யூவில் உறுப்பினர் அட்டை இலவசம், முகவரிச் சான்று உட்பட இரண்டு அடையாளங்கள் வேண்டும், உள்ளே பென்சில் மட்டும்தான், சொந்த கேமராவில் படம் எடுத்துக்கொள்ளலாம். படம் எடுக்கும்போது ஒவ்வொரு கோப்புக்கும் முதல் படமாக அதன் எண்ணை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு வந்து எது எதிலிருந்து என்று தெரியாமல் திண்டாட வேண்டும்.

கல்வியில் அவர் செய்ததைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அச்சிமோட்டா கல்லூரி 1927ல் முறைப்படி திறக்கப்பட்டது. அதன் முதல் முதல்வர் ஏ. ஜி. ஃப்ரேசர் யார் தெரியுமா, இலங்கையில் கண்டி டிரினிட்டி கல்லூரியில் 1904 முதல் 20 வருஷம் முதல்வராக இருந்தவர். துணை முதல்வர் க்வெகிர் அக்ரே, கோல்ட் கோஸ்ட்டின் மண்ணில் பிறந்து அமெரிக்காவில் படித்துப் பேராசிரியராக இருந்த கறுப்பினத்தவர். ஒரு காலனிக் கல்லூரியில் அந்தப் பதவியை ஆப்பிரிக்கருக்குக் கொடுத்தது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. இப்படி ஆட்கள் ஒரு காலனியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். குகிஸ்பெர்க்குக்கு முந்தைய ஆளுநர் ஹியூ கிளிஃபோர்ட் மலாயாவில் வளர்ந்த அதிகாரி, இலங்கையில் காலனிச் செயலர், பிற்பாடு இலங்கைக்கே ஆளுநர். உங்கள் ஊர் அதிகாரியின் நல்ல கோப்பு அக்ராவிலோ டிரினிடாடிலோ கிடக்கலாம், அதனால் ஒரே நாட்டுக் காப்பகத்தோடு நின்றுவிடாதீர்கள்.

சரி, மூன்றாவது கட்டு. அக்ராவில் இருக்கும் அரசு ஆவணக் காப்பகம். அங்கே போகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: க்யூவில் ஏடிஎம் என்ற மூன்றெழுத்து கடற்படை ஆவணங்களைக் குறிக்கும், அக்ராவில் அதே மூன்றெழுத்து காலனி நிர்வாகக் காகிதங்களைக் குறிக்கும். குறிப்பேட்டில் காப்பகத்தின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு அறிமுகக் கடிதம் கையில் இருந்தால் வேலை சுலபமாகும். நான் கேட்டது ஏடிஎம் 56, வடக்குப் பிரதேசங்களின் தலைமை ஆணையர் அலுவலகக் கோப்புகள்.

இங்கேதான் என் மனசு மாறியது. ரயிலுக்கும் தார்க்குவா, அபோஸோ பக்கத்துச் சுரங்கங்களுக்கும் ஆள் வேண்டும். தெற்கே கோகோவில் நல்ல காசு கிடைக்கும்போது அந்தச் சம்பளத்துக்கு யாரும் சுரங்கத்துக்குள் இறங்கத் தயாரில்லை. அதனால் வடக்கில் ஊர்த் தலைவர்களிடம் இத்தனை பேர் அனுப்பு என்று கணக்குக் கொடுத்தார்கள். விருப்பப்பட்டுப் போனவர்கள் என்று காகிதத்தில் எழுதினாலும் தலைவர் சொல்லி அனுப்பிய இளைஞனுக்கு வேறு வழி இல்லை. வந்த இடத்தில் நோயிலும் தூசியிலும் செத்தவர்கள் அதிகம், மருத்துவ அதிகாரிகளே அதைக் கண்டித்து எழுதினார்கள், அப்புறம்தான் 1924 அளவில் சுரங்கங்களுக்கான அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தினார்கள். குகிஸ்பெர்க் இதை அறியாதவர் இல்லை, அவருடைய ஆதரவோடுதான் நடந்தது. காலாட்படையிடம் கூலிக்கு ஆள் கேட்டு வாங்கிப் பழகிய ஒரு தலைமை இன்ஜினியர் வடக்குப் பிரதேசங்களை எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். இது என் ஊகம்தான், ஆனால் இரண்டு கட்டுகளையும் சேர்த்துப் படிக்காமல் இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது. கோர்லே பு 1923ல் திறந்தபோது ஆப்பிரிக்கர்களுக்கு அப்படி ஒரு மருத்துவமனை அந்தக் கரையிலேயே இருந்ததில்லை, அது உண்மை. ஐரோப்பியர்களுக்குத் தனி மருத்துவமனை இருந்ததும் உண்மை. அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. நான் அவரை இன்றும் மதிக்கிறேன். ஆனால் பெயர் எழுதப்படாமல் செத்துப்போன அந்த வடக்கு இளைஞர்களை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நியாயமாகப் படவில்லை.

எதிர்ப்புக் குரலையும் தேடிப் படியுங்கள், அது அன்றைய பத்திரிகைகளில் இருக்கிறது. கேப் கோஸ்ட்டிலிருந்து வந்த கோல்ட் கோஸ்ட் லீடர் மாதிரி ஆப்பிரிக்கர்களே நடத்திய இதழ்கள் ஆளுநரை விட்டுவைக்கவில்லை. 1925ல் அவர் கொண்டுவந்த அரசியலமைப்பு, சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொடுத்தது, ஆனால் நகரங்களில் அக்ரா, கேப் கோஸ்ட், செகண்டி மூன்றுக்கு மட்டும் தலா ஒரு இடம். மற்ற ஆப்பிரிக்க இடங்கள் பாரம்பரியத் தலைவர்களின் மாகாண சபைகளுக்குப் போயின. கேஸ்லி ஹேஃபோர்ட் போன்ற வழக்கறிஞர்கள் கொதித்தார்கள். படித்தவர்களை ஓரங்கட்டித் தலைவர்கள் கையில் அதிகாரத்தைக் கொடுக்கிறார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு, கோப்புகளைப் படித்த வரையில் எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் தங்கப் பீடம் விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதம் மனதைத் தொட்டது. அசாந்தி மக்களின் ஆன்மா அதில் இருப்பதாக நம்பப்படும் பீடம் அது. 1900ல் ஒரு ஆளுநர் அதைத் தனக்குக் கொடு என்று கேட்கப் போய்ப் போரே மூண்டது. ஒளித்து வைத்திருந்த அதைச் சாலை போட்டவர்கள் தற்செயலாகத் தோண்டிவிட, பிற்பாடு சிலர் அதன் தங்கத்தைத் திருடி விற்று, 1921ல் நாடே கொந்தளித்தபோது குகிஸ்பெர்க் அரசு அதைக் கேட்கவில்லை. மானிடவியலாளர் ராட்ரேயின் ஆலோசனையைக் கேட்டு, குற்றவாளிகளை விசாரிக்கும் பொறுப்பை அசாந்தித் தலைவர்களிடமே விட்டது. செஷெல்ஸ் தீவில் இருபது வருஷத்துக்கு மேல் நாடு கடத்தப்பட்டிருந்த பிரெம்பே மன்னரும் 1924ல் திரும்பி வந்தார்.

குகிஸ்பெர்க் 1927ல் அங்கிருந்து கிளம்பி, 1928ல் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவுக்கு ஆளுநராகப் போனார், உடம்பு முடியாமல் அடுத்த வருஷமே திரும்பி, 1930ல் இங்கிலாந்தின் பெக்ஸ்ஹில் கடற்கரை ஊரில் இறந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் கயானாவை ஒரு பாராவில் முடித்துவிடுகிறார்கள். நமக்கு அது வேறு காரணத்துக்காக முக்கியம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களில் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர்களும் தெலுங்கர்களும் இருந்தார்கள், மதராஸிகள் என்றே அங்கே பெயர், அவர்களுடைய காளி வழிபாடு இன்றும் கயானாவின் பெர்பிஸ் பகுதியில் நடக்கிறது. குகிஸ்பெர்க் போனபோது ஒப்பந்த முறை ஒழிந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. க்யூவில் அந்தக் காலனிக்கான கடிதத் தொகுப்பு சிஓ 111. 1928, 1929 வருஷக் கட்டுகளை யாராவது நம்மவர் பொறுமையாக உட்கார்ந்து புரட்டினால் தோட்டத் தொழிலாளர் பற்றி அவர் என்ன எழுதினார், லண்டன் எழுத்தர்கள் ஓரத்தில் என்ன குறித்தார்கள் என்று பார்க்கலாம். ஜார்ஜ்டவுன் காப்பகத்தில் தோட்டப் பக்கத்துக் காகிதங்களையும் சேர்த்துப் பாருங்கள், லண்டன் கட்டு மட்டும் போதாது.